தையல் கூடை: வீட்டுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்றா?



போன இதழில் பழைய பேண்ட்டில் பை தைப்பது பற்றி எழுதினேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு, மிச்சத் துணியில் போர்வை தைப்பது எப்படி என்று கேட்டு ஒன்பது பேர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். அதில் இரண்டு பேர், "இல்லத்துக் குழந்தைகளுக்குத் தானமாகக் கொடுக்கப் போகிறோம், அதனால் சுலபமாக, சீக்கிரம் முடிகிற மாதிரி சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த 'அதனால்' என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் மேல் கோபமில்லை. நானே ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவள்தான். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் தையலுக்கு வர முடியும்.

நான் பெரியகுளத்துப் பெண். வெயிலில் வளர்ந்தவள். கல்யாணமாகிக் கொடைக்கானலுக்கு வந்தது ஒரு மார்கழி மாதம். ஏழாயிரம் அடி உயரத்தில் முதல் ராத்திரியே பல் தந்தியடித்தது. மாமியார் அலமாரியைத் திறந்து ஒரு போர்வையை எடுத்துக் கொடுத்தார். பார்த்தால் முழுக்கப் பழைய வேட்டியும் சேலையும் துண்டு துண்டாக வைத்துத் தைத்தது. அந்த வீட்டில் அதற்குப் பெயரே 'கந்தல் போர்வை'. புது மருமகளுக்குக் கந்தலா என்று எனக்கு முகம் சுருங்கிவிட்டது. புதுக் கம்பளி ஒன்று பக்கத்தில் இருந்தது, அதை எடுத்துப் போர்த்திக் கொண்டேன். உடம்பெல்லாம் குத்தியது. பாதி ராத்திரியில் சத்தம் போடாமல் கந்தல் போர்வைக்கு மாறினேன். அன்றிலிருந்து இன்று வரை அதுதான்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. குளிரைத் தடுப்பது துணியைவிட, துணிக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்றுதான். நாலு மடிப்புத் துணிக்குள் மூன்று அடுக்குக் காற்று. நூறு தடவை துவைத்த பருத்தியில் கஞ்சி, சாயம் எல்லாம் போய், துணி பஞ்சு மாதிரி இளகியிருக்கும். பிறந்த பிள்ளையைப் பாட்டியின் பழைய சேலைத் துணியில் சுற்றுவது நம் வழக்கம்தானே? பீகாரில் அப்படிப் பழைய துணிகளை அடுக்கித் தைத்த போர்வையில்தான் பிள்ளையைப் போடுவார்களாம், அதற்குப் பெயர் சுஜனி. வங்காளத்தில் காந்தா, மகாராஷ்டிரத்தில் கோதடி. வட கர்நாடகக் காட்டுப் பக்கம் சித்தி என்ற மக்கள் இருக்கிறார்கள். பல நூறு வருஷத்துக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டு வரப்பட்டவர்களின் வம்சம். அவர்கள் தைக்கிற கவந்த் போர்வையின் நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைக்காமல் முடிக்க மாட்டார்கள். பூ இல்லாத போர்வை உடுப்பில்லாத உடம்பு மாதிரி என்பார்களாம். எனக்கு இது ரொம்பப் பிடித்துப் போய், நானும் மூலைக்கு ஒரு பூ வைக்க ஆரம்பித்துவிட்டேன்.

சரி, கதைக்கு வருகிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தது நினைவிருக்கும். கடற்கரை மாவட்டங்களின் சேதம் பேப்பரில் நிறைய வந்தது. எங்கள் மலையிலும் மரங்கள் ரோட்டில் சாய்ந்து, கரண்ட் இல்லாமல் தவித்தோம். அப்போது எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து சுற்றுக் கிராமங்களுக்குப் போர்வை கொடுப்பது என்று முடிவு செய்தோம். நான் தையல் தெரிந்தவள் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அந்த நேரம் என் பெண்ணின் கல்யாணத்துக்கென்று ஒரு போர்வை தைத்துக் கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது பதினேழு வயதுதான், என்ன அவசரம் என்று கேட்காதீர்கள், தாய் மனசு அப்படித்தான். சின்னாளபட்டிச் சுங்குடி, என் அம்மாவின் சேலை, அவள் சின்ன வயதுப் பாவாடை எல்லாம் சேர்த்து ஒரு வருஷமாக நடந்து வருகிற வேலை. அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, தானப் போர்வையை எடுத்தேன். தையற்கடையில் மூட்டையாகக் கிடைத்த பாலியெஸ்டர் துண்டுகள், பளபளவென்று நல்ல கலர். உள்ளே பஞ்சு. குறுக்கே நெடுக்கே அடிக்கு ஒரு தையல் மிஷினில் ஓட்டி, இரண்டு நாளில் ஒன்று வீதம் எட்டுப் போர்வை முடித்தேன். "கொடுக்கத்தானே, இது போதும்" என்று என் வாயாலேயே சொன்னேன். என்னவர், "உன் பெண்ணுக்கு இப்படித் தைப்பியா?" என்று கேட்டார். ஆம்பளைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். எட்டும் வெள்ளகவிக்குப் போயின.

வெள்ளகவி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொடைக்கானலுக்கும் பெரியகுளத்துக்கும் நடுவே மலைச் சரிவில் இருக்கிற பழைய கிராமம். மேலே வட்டக்கானலிலிருந்து இறங்க வேண்டும், அல்லது கீழே கும்பக்கரையிலிருந்து ஏற வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில் வத்தலக்குண்டு பக்கமிருந்து மோட்டார் ரோடு வரும் வரைக்கும் வெள்ளைக்காரர்கள் கொடைக்கானலுக்கு வந்ததே பெரியகுளம் பக்கத்து மலைப் பாதையில்தான். துரைமார்களையும் துரைசாணிகளையும் டோலியில் வைத்து நம் ஆட்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். மோட்டார் வந்ததும் துரைகளுக்கு டோலி வேண்டாமல் போயிற்று. வெள்ளகவிக்காரர்களுக்கு அது அதற்குப் பிறகும் நிற்கவில்லை. உடம்பு சரியில்லை என்றால் டோலி கட்டித்தான் தூக்க வேண்டியிருந்தது.

2019-ல் பொங்கல் கழிந்து நாங்கள் நாலு பேர் அங்கே நடந்தோம். அப்போது வண்டி போகிற ரோடு கிடையாது. காப்பி மூட்டையும் எலுமிச்சையும் குதிரை முதுகில் எதிரே வந்து கொண்டிருந்தன. இறங்க எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று, என் முழங்கால் மறுநாள் சொன்ன கதை தனி. ஊர் எல்லை வந்ததும் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். வீடும் கோயிலும் கலந்து கிடக்கிற ஊர் என்பதால் ஊருக்குள் யாருமே செருப்புப் போடுவதில்லை. வெறுங்காலோடு போனபோது, நல்ல காரியம் செய்தவள் என்ற நினைப்பு எனக்குள் நிறைய இருந்தது. பொய் சொல்வானேன்?

ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். என் போர்வை போன வீடு அது. அந்த வீட்டு அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். போர்வை எப்படியிருக்கிறது என்று நானே கேட்டேன், புகழ்ச்சியை எதிர்பார்த்து. அந்த அம்மா சிரித்து மழுப்பினார். நான் விடவில்லை. கடைசியில், "குடுத்த பொருளைக் கொறை சொல்லக் கூடாது தாயி" என்று ஆரம்பித்துத் திண்ணைப் பக்கம் கூட்டிக் கொண்டு போனார். காப்பி மூட்டைகளுக்கு அடியில் ஈரம் படாமல் இருக்க விரித்திருந்தார்கள், என் பளபளப் போர்வையை.

"ஓடையில தொவைச்சோம். தண்ணி குடிச்சதும் ரெண்டு பேரு சேந்தும் தூக்க முடியல. பஞ்சு ஒரு பக்கம் ஓடிப் போச்சு. நாலு நாளு காயவே இல்ல, நாத்தம் எடுத்துப் போச்சு. அடுப்படியில படுக்கிற புள்ளைக, இந்தத் துணியில பொறி விழுந்தா உருகிச் சதையோட ஒட்டிக்கும்னு மகன் வேற பயப்படுறான்."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. மலைச் சரிவில் எங்கள் அளவு குளிர் கிடையாது, ஆனால் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டுப் போகும், துணி காய்வதுதான் பெரிய பாடு. அடிக்கு ஒரு தையல் போட்டால் பஞ்சு கட்டி கட்டியாகத் திரளும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பெண்ணின் போர்வையில் இரண்டு விரற்கடைக்கு ஒரு தையல் போட்டவள்தானே நான்.

பிறகு அந்த அம்மா உள்ளே போய் அவர்களுடைய போர்வையைக் கொண்டு வந்தார். வீட்டுக்காரரின் பழைய வேட்டியும் நூல் சேலையும் அடுக்கி, கையாலேயே நெருக்கி ஓட்டுத் தையல் போட்டது. பல இடத்தில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. எங்கள் மாமியார் போர்வையின் அக்காள் தங்கச்சி மாதிரி இருந்தது. "மருமகளுக்கு வலி எடுத்தப்போ இதைத்தான் டோலியில அடியில பாதி, மேல பாதியாப் போட்டோம். நல்ல மழை. கும்பக்கரை போய்ச் சேர்ற வரைக்கும் புள்ள நடுங்காம இருந்தா" என்றார். அந்தப் பேரப் பிள்ளை எங்கள் எதிரில்தான் பொரி தின்று கொண்டிருந்தான்.

என் போர்வை டோலியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திரும்பி ஏறும்போது யோசித்தேன். நனைந்த பஞ்சுக்கு நடுவே பிரசவ வேதனையில் ஒரு பெண். அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கியதற்குப் பாதை மட்டும் காரணமில்லை.

இது என் ஒருத்தி தப்பு மட்டுமல்ல என்று பிறகு தெரிந்து கொண்டேன். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் தானமாக வந்த பழந்துணி ரோட்டோரத்தில் மலை மலையாகக் குவிந்து, யாரும் தொடாமல் மழையில் மட்கியது. வீடு, வலை, படகு எல்லாம் போயும் அந்த மக்கள் கண்டதையும் எடுத்து உடுத்தவில்லை. அப்படி ஒதுக்கிய துணிகளை கூன்ஜ் என்ற அமைப்பு தரம் பிரித்து வேலைக்காகும்படி செய்தது. 1999-ல் டில்லியில் அன்ஷு குப்தா தொடங்கியது அது. கந்தலிலிருந்து சுஜனிப் போர்வையும், பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களுக்கான துணியும் தைக்கிறார்கள். அதே சமயம் ஆரோவில் பக்கம் மீனவப் பெண்கள் வெட்டுத் துணியில் சுண்டு விரல் அளவு பொம்மை செய்தார்கள், சுனாமிகா என்று பெயர். அதை விற்பதில்லை, அன்பளிப்பாகத்தான் கொடுப்பது. கந்தல்தான் இரண்டும். கை பட்ட விதம்தான் வேறு.

இனி தையல்.

பருத்தித் துணி மட்டும் எடுங்கள். நைலக்ஸ், பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம். பருத்தியும் தீப்பிடிக்கும்தான், அடுப்பிலிருந்து தள்ளித்தான் படுக்க வேண்டும், ஆனால் அது உருகி ஒட்டாது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், நூல் நூலாகத் தெரிகிற இடத்தை மேல் பக்கத்துக்கு வைக்காதீர்கள், உள்ளே போகட்டும். வெளியாரிடம் வாங்கிய துணியானால் முதலில் கொதிக்கும் வெந்நீரில் போட்டு அலசி, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். சொறி சிரங்கு உண்டாக்கும் பூச்சி துணி வழியாகவும் வரலாம். மனித உடம்பை விட்டால் அது இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது, ஆகவே வெந்நீருக்குத் தாங்காத துணியை ஒரு வாரம் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைத்துவிட்டுப் பிறகு துவையுங்கள். சிவப்பு, ஊதாச் சுங்குடிகளைத் தனியே, அலசிய தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். ஒரு சிவப்புத் துண்டு என்னுடைய மூன்று வாரத்தை ரோஸ் கலராக்கியது.

ஒரு ஆளுக்கு 5 அடி அகலம், 7 அடி நீளம் தாராளம். காலண்டர் அட்டையில் 7 அங்குலச் சதுரம் வெட்டி வைத்துக் கொண்டு அதே அளவில் துணியை வெட்டுங்கள். நாலு பக்கமும் அரை அங்குலம் தையலுக்குப் போனால் 6 அங்குலம் நிற்கும். குறுக்கே 10, நெடுக்கே 14, ஆக 140 சதுரம். பத்துப் பத்தாக வரிசை தைத்துக் கொண்டு, பிறகு வரிசைகளை இணையுங்கள். பிரிசலை ஒரு வரிசையில் வலப் பக்கமும் அடுத்த வரிசையில் இடப் பக்கமுமாக மடக்கி இஸ்திரி போட்டால், நாலு மூலை சேருமிடம் மொத்தையாகாது. ஊசியும் ஒடியாது.

அடிப் பக்கத்துக்கு ஒரு முழு நூல் சேலை. அதில் 7 அடிக்குக் கொஞ்சம் கூட ஒரு துண்டு, அதே நீளத்தில் ஒன்றரை அடிப் பட்டை ஒன்று. இரண்டையும் இணைத்தால் அகலம் வந்துவிடும். நடுவில் பழைய வேட்டியோ சேலையோ இரண்டு அடுக்கு. பஞ்சு கிடையாது. ஆக மொத்தம் நாலு அடுக்கு, எடை இரண்டு கிலோவைத் தாண்டாது. நனைந்தாலும் ஒருத்தியாகப் பிழிந்து போடலாம்.

தரையைத் துடைத்து அடித் துணியை மேலே விரித்து, நாலு மூலையிலும் கனம் வையுங்கள் (எங்கள் வீட்டில் ஒரு மூலைக்கு அம்மிக் குழவி). அடுக்குகளைச் சுருக்கமில்லாமல் நீவி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பெரிய பெரிய தையலாக நூலோட்டிக் கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் பை மாதிரி உப்பிக் கொள்ளும். அதற்கப்புறம்தான் அசல் வேலை. கொஞ்சம் நீளமான ஊசி, தடித்த பருத்தி நூல், இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு நெடுக ஓட்டுத் தையல். தையல் கொஞ்சம் கோணினால் பரவாயில்லை, நூலை மட்டும் இழுத்துச் சுருக்காதீர்கள். ஓரத்துக்குச் சேலைக் கரையை மடித்துத் தையுங்கள். சேலையில் எது கிழிந்தாலும் கரை கிழியாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. தினம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் எனக்கு மூன்று வாரம் ஆகிறது. நாலு பேர் நாலு பக்கம் உட்கார்ந்தால் ஒரு வாரம், ஊர்க் கதையும் ஆச்சு.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002-ல் அவற்றைப் பெரிய அருங்காட்சியகங்களில் சுவரில் மாட்டினார்கள், 2006-ல் தபால் தலையே வெளியிட்டார்கள். அந்தப் பெண்கள் தைத்ததென்னவோ தங்கள் பிள்ளைகள் படுக்கத்தான்.

இளந்தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும்போது கனமான போர்வை எதையும் மேலே போர்த்தாதீர்கள், எவ்வளவு ஆசையாகத் தைத்ததானாலும் சரி. முகத்தில் ஏறி மூச்சை அடைத்துவிடும். குழந்தைக்கு அளவான சட்டை போதும், மல்லாக்கப் படுக்க வையுங்கள். எடை குறைந்து பிறந்த பிள்ளையானால், டாக்டரிடம் கேட்டுக் கொண்டு, தாயின் மார்போடு வெறும் உடம்பாக அணைத்து வைப்பதுதான் நல்ல சூடு. கங்காரு முறை என்கிறார்கள். 1978-ல் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டு ஆஸ்பத்திரியில், சூட்டுப் பெட்டி போதாமல் ஆரம்பித்தது, இன்று உலகமெல்லாம் நடக்கிறது. அப்போது போர்வை தாயின் முதுகுக்கு. பிள்ளையின் முகம் வெளியே தெரிய வேண்டும்.

வெள்ளகவிக்கு அந்த எட்டுக்குப் பதில் எட்டு தைத்து முடிக்க எனக்கு ஒன்றரை வருஷம் பிடித்தது. நடுவில் கொரோனா வந்து ஊரடங்கு. பெண்ணுக்கென்று தைத்ததைக் கொடுத்துவிட்டேன் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். கொடுக்கவில்லை. மனசு வரவில்லை. ஆனால் அதே சுங்குடியில் மீதமிருந்ததை எட்டிலும் மூலைப் பூவாக வைத்தேன். பெண், "என் பாவாடைத் துணி எங்கே எங்கே போயிருக்கு?" என்று கேட்டு எண்ணிக் கொண்டிருந்தாள்.

போன மாதம் வட்டக்கானல் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்து ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த அம்மா கொடுத்தனுப்பியது. அடியில் ஆறு பட்டர் ஃப்ரூட், அதற்கு மேல் துவைத்து மடித்த சின்னச் சின்னத் துணிகள். பேரன் போட்டுச் சிறுத்துப் போன சட்டை, ஒரு மஞ்சள் கவுன், பாதி வேட்டி. "அடுத்ததுல இதையும் சேத்துக்கச் சொல்லுச்சு அப்பத்தா" என்றான். கவுனில் கழுத்துப் பக்கம் போக 7 அங்குலச் சதுரம் மூன்றுதான் தேறியது. நாலாவதுக்கு இரண்டு துண்டை இணைத்துக் கொண்டிருக்கிறேன்.